வாக்கர் என்றால் யார்? ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் விறுவிறுவென்று நடந்து போவார். டாம் பிரவுன் என்ற ஓவியர் 1908-இல் வரைந்து கொடுத்த உருவம் அது. விளம்பரத்துக்கு அருமையான யோசனைதான். ஆனால் வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கும் உலாவப் போவதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த வியாபாரத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் வாக்கர், ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820-இல் மளிகைக் கடை தொடங்கியவர். அவருக்குப் பல தலைமுறை முன்னால், அந்தப் பெயரை முதலில் சுமந்தவர் பெரும்பாலும் கம்பளித் துணியை மிதித்துப் பதப்படுத்திப் பிழைத்தவராக இருந்திருப்பார்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் தேடுகிறார்கள். சென்னையில் பழைய கல்லறை வாசகங்களைப் படித்துப் பார்த்து ஆர்வம் பிடித்துக்கொண்டவர்கள் தேடுகிறார்கள். கிரிக்கெட் ஸ்கோர்கார்டைப் பார்த்து "இதெல்லாம் என்ன பெயர்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: இணையத்தில் பெயரைத் தட்டி, 'பொருள்' என்று வரும் முதல் வரியை எடுத்துக்கொள்வது. அந்த வரி பல சமயம் யாரோ யாரிடமிருந்தோ நகலெடுத்ததாக இருக்கும்.

நான் சொல்லும் வரிசை வேறு. பெயர் எந்தக் காலத்தில் எப்படி எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். அப்புறம் எந்த வட்டாரத்தில் குவிந்திருந்தது என்று பாருங்கள். பொருளைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். வாக்கர் என்ற ஒரே பெயரை வைத்து இதை முழுக்கச் செய்து காட்டுகிறேன். வேறு எந்தப் பெயருக்கும் இதே வழி பொருந்தும்.

குடும்பப் பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது?

இது தெரியாமல் இறங்கினால் பாதி வழியில் குழம்பிப் போவீர்கள். 1066-இல் நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. ஆல்ஃப்ரெட், எட்வின், காட்வின் என்று ஒற்றைப் பெயர்தான். 1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் பெரிய நிலப்பிரபுக்கள் சிலருக்கு மட்டும் இரண்டாவது பெயர் வருகிறது. மற்றவர்களுக்கு அது வந்து சேர இன்னும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

நடுவில் ஓர் இடைக்காலம் இருந்தது. அப்போது இரண்டாவது பெயர் என்பது அடையாளக் குறிப்பு மட்டுமே. 'வில்லியமின் மகன் ஜான்' என்பார்கள். அந்த ஜானுக்குப் பிறந்தவன் 'ஜானின் மகன் ராபர்ட்'. நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தொழிலும் அப்படித்தான்: துணி மிதித்தால் வாக்கர், மகன் ரொட்டி சுட்டால் பேக்கர். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இது மெல்ல மெல்ல உறைந்தது. தெற்கில் முன்னதாக, வடக்கில் பின்னதாக. 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு மாறாத குடும்பப் பெயர் வந்துவிட்டது. வேல்ஸில் பல பகுதிகளில் இது இன்னும் வெகு காலம் பிடித்தது.

ஆகவே, ஒரு பெயரின் 'முதல் பதிவு' இன்ன ஆண்டு என்று எங்கேயாவது படித்தால், அது பரம்பரைப் பெயரா, அந்த ஆளின் அன்றைய தொழிலைச் சொல்லும் குறிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எழுத்து வடிவங்களைச் சேகரியுங்கள்

எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது மிகவும் பிற்காலத்தில். பாதிரியாரும் குமாஸ்தாவும் காதில் விழுந்ததை எழுதினார்கள். வாக்கருக்கு இடைக்கால ஆவணங்களில் 'லெ வாக்கெரெ' போன்ற வடிவங்கள் உண்டு; ஸ்காட்லாந்துப் பக்கம் 'வாகர்', 'வால்க்கர்' என்றெல்லாம் வரும். 'லெ' என்பது ஃபிரெஞ்சு மொழியின் சுட்டுச் சொல். ஒரு தொழிலுக்கு முன்னால் 'லெ' நின்றால், அந்த ஆள் அந்த வேலையைச் செய்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊர்ப் பெயருக்கு முன்னால் 'டெ' வரும். இந்தச் சின்ன ஒட்டுச்சொல் பெயரின் வகையையே காட்டிக் கொடுத்துவிடும்; நகலெடுப்பவர்கள் இதைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள்.

ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் ஆண்டோடும் ஊரோடும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆண்டும் ஊரும் இல்லாத வடிவம் எதற்கும் உதவாது.

படி 2: பெயர் எந்த வகை?

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். இடத்தால் வந்தவை: பிராட்ஷா, ஹில், வுட். தந்தை பெயரால் வந்தவை: ஜான்சன், ராபர்ட்ஸ். தொழிலால் வந்தவை: ஸ்மித், டெய்லர். பட்டப்பெயராக ஒட்டியவை: பிரவுன், ஷார்ட்.

வாக்கரை இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பார்த்தால் பட்டப்பெயர் பெட்டியில் போடுவார்: 'எப்போதும் நடந்துகொண்டே இருப்பவன்.' இதுதான் பொறி. குடும்பப் பெயர்கள் உறைந்தது அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன். அன்றைய சொல்லுக்கு அன்றைய பொருள். பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கெரெ' என்றால் துணியை மிதித்து, அடித்துப் பதப்படுத்துபவர். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சமயச் சீர்திருத்தம் பேசிய அறிஞர் ஜான் விக்லிஃபின் வழியினர் செய்த பைபிள் மொழிபெயர்ப்பில், மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் ஆடை எந்த வெளுப்பவனாலும் வெளுக்க முடியாத வெண்மையாக இருந்தது என்று சொல்லும் இடத்தில், 'ஃபுல்லர்' என்று எழுதி, புரியாதவர்களுக்காகப் பக்கத்திலேயே 'அல்லது துணி வாக்கர்' என்று சேர்த்திருக்கிறார்கள். அன்றைய வாசகருக்கு வாக்கர் தொழில்பெயராகவே பழக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு நல்ல அகராதியை இந்தக் கட்டத்தில் புரட்டலாம். இப்போதைக்குச் சிறந்தது 2016-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி. நான்கு தொகுதிகள், 45,000-க்கு மேற்பட்ட பெயர்கள். பெயருக்குக் கீழே பழைய ஆவணச் சான்றுகளை ஆண்டோடும் மாவட்டத்தோடும் தருகிறார்கள். இங்கிலாந்தில் பல பொது நூலகங்களின் உறுப்பினர் அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். உறவினர் யாராவது அங்கே இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

படி 3: தொழிலையே தெரிந்துகொள்ளுங்கள்

தொழில்பெயர் என்று தெரிந்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள். தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பெயர் ஏன் அந்த ஊரில் குவிந்தது என்று புரியும்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி நேரே சட்டைக்கு ஆகாது. ஆட்டு ரோமத்தின் கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஊறியிருக்கும். நெசவும் சல்லடையாக, தளர்வாக இருக்கும். அதை நீளமான தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, புளித்த சிறுநீரை ஊற்றி, இரண்டு மூன்று ஆட்கள் முழங்கால் தெரிய வழித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீர் நாள்பட்டால் அதில் அம்மோனியா உண்டாகும்; கொழுப்பைக் கரைப்பது அதுதான். வீடு வீடாகச் சிறுநீர் சேகரிப்பதே ஒரு வேலையாக இருந்தது. அடுத்து ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றி மறுபடியும் மிதி. அந்த மண் மிச்ச எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று அதற்குப் பெயர். நம்மூரில் முகத்துக்குப் பூச வாங்குகிற முல்தானி மட்டி அந்த வகை மண்தான்.

மிதிபட மிதிபட கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். துணி நன்றாகச் சுருங்கித் தடிக்கும், காற்றும் மழையும் எளிதில் புகாததாகும். பிறகு அதை வெட்டவெளியில் மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தக் கொக்கிதான் 'டென்டர்ஹுக்'. பதற்றத்தோடு காத்திருப்பவரை ஆங்கிலத்தில் அந்தக் கொக்கிமேல் இருப்பதாகச் சொல்வது இதிலிருந்து வந்தது. காய்ந்த துணியை முள் நிறைந்த ஒரு செடியின் பூத்தலையால் கோதி இழையை எழுப்பி, பெரிய கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டினால் வேலை முடிந்தது. அந்த வெட்டுகிறவர் ஷெர்மன். அதுவும் குடும்பப் பெயரானது.

இனி ஒரு சுவையான முடிச்சு. காலால் மிதிக்கும் வேலையை நீர்ச்சக்கரத்தில் ஓடும் மரச்சுத்தியல்கள் செய்ய ஆரம்பித்தது 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே. சிலுவைப்போர்க் கால வீரத்துறவிகளான டெம்ப்ளர் சபையினர் 1185-இல் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது யார்க்‌ஷயரிலும் காட்ஸ்வோல்ட் பகுதியிலும் இத்தகைய ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. குடும்பப் பெயர்கள் உறைந்ததோ அதற்கு அப்புறம். அதாவது வாக்கர் என்ற பெயரைப் பரம்பரையாகப் பெற்ற குடும்பங்களில் பல, காலால் மிதித்தவர்களுடையதாக இல்லாமல், ஓடைக்கரையில் ஆலை நடத்தியவர்களுடையதாக இருந்திருக்கும். இயந்திரம் வந்த பிறகும் தொழிலின் பழைய பெயர் போகவில்லை.

ஆலைக்கு விழுகிற தண்ணீர் வேண்டும். சமவெளி நகரங்களைவிட மலையடிவார ஓடைகள் வசதி. வடக்கே பென்னைன் மலைச் சரிவுகளில் இந்தத் தொழில் வேர்விட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 4: வரைபடத்தை விரியுங்கள்

வாக்கர் ஒரு வழக்கமான பெயர் என்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்த விஷயத்தின் அழகே போய்விடும். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் குடும்பப் பெயராயின. மூன்றும் நாட்டை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன.

வடக்கிலும், மத்தியப் பகுதியின் பெரும்பாலான இடங்களிலும் வாக்கர். யார்க்‌ஷயரும் லாங்கஷயரும் அதன் கோட்டை. தென்கிழக்கில் சஸெக்ஸ், கென்ட், கிழக்கே நார்ஃபோக், சஃபோக் பக்கம் ஃபுல்லர். லத்தீன் 'ஃபுல்லோ' என்ற சொல்லிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்து, நார்மன் ஃபிரெஞ்சால் வலுப்பட்டது அது. தென்மேற்கில் டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் டக்கர். 'துன்புறுத்து' என்று பொருள்பட்ட பழைய ஆங்கில வினை அதன் வேர். துணியைப் போட்டு அடித்த அடியை நினைத்தால் பொருத்தம்தான். எக்ஸிடர் நகரில் நெசவாளர், துணி பதப்படுத்துவோர், வெட்டுவோர் சங்கம் 1471-இல் கட்டிய மண்டபம் இன்றும் 'டக்கர்ஸ் ஹால்' என்ற பெயரில் நிற்கிறது.

எல்லையைத் தாண்டினால் இன்னும் விரிகிறது. வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்கு 'பாண்டி'; டோனிபாண்டி என்ற ஊர்ப் பெயரில் இருப்பது அதுதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இந்தத் தொழிலாளியின் மகனைக் குறித்த ஒரு குலப்பெயர், ஆங்கிலமாக்கும்போது பல இடங்களில் வாக்கர் ஆனது. மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஈரத் துணியைத் தாளத்தோடு அடித்துப் பாடிய வேலைப்பாட்டுகள் 20-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தன.

சரி, இதை நீங்களே எப்படிப் பார்ப்பது? 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் இதற்குத் தங்கச் சுரங்கம். அதைத் தன்னார்வலர்கள் முழுவதும் படியெடுத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ரயில் வந்து மக்கள் ஓரளவு இடம்பெயர்ந்த பின் எடுத்தது என்றாலும், குடும்பங்களில் கணிசமானவை முன்னோர் மாவட்டத்தை அப்போது விட்டுப் போகவில்லை. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் புவியியல் துறையினர் உருவாக்கிய குடும்பப் பெயர் வரைபடத் தளம், 1881-ஐயும் இந்தக் காலத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை: வெறும் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் லண்டன் பெரிதாகத் தெரியும், அங்கே ஆள் அதிகம் என்பதால். மாவட்ட மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான குவியல் தெரியும். ஹென்றி குப்பி என்பவர் 1890-இலேயே இதைச் செய்தார். இடம்பெயராதவர்கள் விவசாயிகள்தான் என்று கணித்து, விலாசப் புத்தகங்களிலிருந்து அவர்கள் பெயரை மட்டும் எடுத்து, மாவட்டவாரியாகப் பத்தாயிரத்துக்கு எத்தனை என்று எண்ணினார். கணினி இல்லாத காலத்தில் அப்படி ஒரு பொறுமை.

துணித் தொழிலின் மற்றப் பெயர்களிலும் இதே வட்டாரக் கோடு தெரிகிறது. தெற்கில் சாயம் போடுபவர் டையர் என்றால் யார்க்‌ஷயரில் அவர் லிஸ்டர். நெசவாளர் ஒரு பக்கம் வெப், இன்னொரு பக்கம் வெப்ஸ்டர்.

படி 5: போட்டி விளக்கங்களைச் சோதியுங்கள்

வாக்கருக்கு வேறு விளக்கங்களும் உலவுகின்றன. ஒன்று, அரச காடுகளில் ரோந்து நடந்த காவலர் என்பது. காடுகள் 'வாக்' என்ற பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் காட்டு அதிகாரிகளிடமிருந்து வந்த குடும்பப் பெயர்கள் ஃபாரஸ்டர், பார்க்கர், வுட்வர்ட் என்று தனியே இருக்கின்றன. காவலர்களே காரணம் என்றால் தெற்கே நியூ ஃபாரஸ்ட் பக்கம் வாக்கர்கள் குவிந்திருக்க வேண்டும். குவிந்திருப்பதோ கம்பளி ஓடைகளின் ஓரம். வரைபடம் இந்த வழக்கைத் தீர்த்துவிடுகிறது. ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு அது பொருந்தலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது விளக்கத்தை அப்படித் தள்ள முடியாது. நியூகாசில் நகரின் கிழக்கே வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அந்த ஊர்ப் பெயரின் பொருள். பக்கத்து ஊரின் பெயரே வால்ஸெண்ட், அதாவது சுவர் முடியும் இடம். அந்தப் பகுதி ஆவணங்களில் 'டெ வாக்கர்' என்று கண்டால் அவர் ஊர்க்காரர், துணிக்காரர் அல்ல. படி 1-இல் சொன்ன ஒட்டுச்சொல்லை ஏன் விடக்கூடாது என்பது இங்கே தெரியும்.

ஜெர்மன் மொழியிலும் 'வால்கர்' என்று இதே தொழிலுக்கு இதே வேரில் பெயர் உண்டு. அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜெர்மன் குடும்பங்களில் சில, உச்சரிப்புச் சங்கடம் தீர வாக்கர் என்று மாற்றிக்கொண்டன.

தொழிற்பெயர் எப்போது பரம்பரைப் பெயரானது என்று பிடிக்க ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி, அதாவது ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்ற வரி, வசூலித்தார்கள். 1379-ஆம் ஆண்டின் யார்க்‌ஷயர் மேற்குப் பகுதிப் பட்டியல்களில் பலருக்குப் பெயரோடு தொழிலும் எழுதப்பட்டிருக்கிறது. வாக்கர் என்ற பெயர்கொண்டவருக்கு எதிரே 'துணி பதப்படுத்துபவர்' என்று இருந்தால் பெயர் இன்னும் சூடாக இருக்கிறது என்று பொருள். 'தையற்காரர்' என்று இருந்தால், பெயர் தொழிலைவிட்டுப் பிரிந்து குடும்பத்தோடு போய்விட்டது.

படி 6: எண்ணிக்கையைப் பாருங்கள்

பிரபலத்தைப் பற்றிய முதல் அதிகாரபூர்வக் கணிப்பு 1853-ஐ ஒட்டியது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுத்துறைத் தலைவரின் அலுவலகம் பிறப்பு, இறப்பு, திருமணக் குறியீட்டு ஏடுகளிலிருந்து 50 வழக்கமான பெயர்களைப் பட்டியலிட்டது. ஸ்மித் சுமார் 2,53,600 பேர், ஜோன்ஸ் சுமார் 2,42,100. வாக்கர் 18-ஆவது இடத்தில், சுமார் 59,300 பேர். அன்று அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 1.8 கோடி. கணக்குப் போட்டால் லட்சத்துக்கு 330 பேர்.

அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் வாக்கர் பெயர்கொண்டவர்கள் 5.2 லட்சத்துக்கு மேல். தலை எண்ணிக்கையில் இது விக்டோரியா கால இங்கிலாந்தைப்போல ஒன்பது மடங்கு. ஆனால் 30.9 கோடி மக்களில் லட்சத்துக்கு 170 பேர்தான் வருகிறது. அடர்த்தி பாதி. எண்ணிக்கை, தரவரிசை, அடர்த்தி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விடுகிற கட்டுரைகளை நம்பாதீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றும் வாக்கர் முதல் இருபதை ஒட்டியே இருக்கிறது. படேல், கான் போன்ற பெயர்கள் மேலே ஏறி வந்த பின்னும் அதன் இடம் பெரிதாக அசையவில்லை. காரணம் எளிது: ஊருக்கு ஊர் துணி பதப்படுத்துபவர் இருந்தார், அதனால் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே முளைத்த பெயர். ஒரே ஒரு குடும்பத்தில் முளைத்த அரிய பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு தலைமுறை ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெயரே மறைந்துவிடும். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1873-இல் இதைக் கணிதப் புதிராகக் கேட்க, ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடினார். அந்தக் கணிதம் பிற்காலத்தில் அணுக்கருத் தொடர்வினைக்கும் கொள்ளைநோய்ப் பரவலுக்கும் பயன்பட்டது தனிக் கதை.

உலகெங்கும் இத்தனை பேர் என்று நாட்டுவாரியாக அடுக்கும் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல எண்கள் வாக்காளர் பட்டியல், தொலைபேசிப் புத்தகம் போன்றவற்றைப் பெருக்கிப் பார்த்த மதிப்பீடுகள். பட்டியலில் குழந்தைகள் இருக்க மாட்டார்கள். பிரிட்டனில் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளவும் முடியும். போக்கைப் பார்க்க உதவும், கடைசி இலக்கம் வரை மேற்கோள் காட்ட உதவாது.

படி 7: ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பமா?

வாக்கர் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், இல்லை. இதை மரபணு ஆய்வும் காட்டியிருக்கிறது. குடும்பப் பெயர் போலவே ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் 2000-இல் தன் பெயர்க்காரர்களையே சோதித்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகைக் குரோமோசோம் கிடைத்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009-இல் 40 பெயர்களை எடுத்துப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் உறவு பளிச்சென்று தெரிந்தது. ஸ்மித் போன்றவற்றில் தெருவில் போகிற இருவருக்குள் இருக்கும் ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் இல்லை. வாக்கர் இரண்டாவது ரகம்.

அமெரிக்கக் கணக்கில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்குள்ள வாக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களுடைய முன்னோர் யார்க்‌ஷயர் ஓடையில் துணி மிதித்தவர்கள் அல்ல; பெயர் அடிமை முறையின் வழியாக வந்தது. எஜமானர் பெயரை எடுத்தவர்கள் உண்டு, விடுதலைக்குப் பின் தாமே தேர்ந்துகொண்டவர்களும் உண்டு. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளைப் பெரும்பாலும் பெயரில்லாமல் வயதும் பாலினமும் மட்டும் குறித்தார்கள். 1870-இல்தான் எல்லோருடைய பெயரும் வருகிறது. தேடுகிறவர்கள் பலர் அந்த ஆண்டில் முட்டி நின்றுவிடுவது இதனால்தான்.

திருமணத்தையும் மறக்கக் கூடாது. கூந்தல் தைல வியாபாரத்தில் பெரும் செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கர் 1867-இல் சாரா பிரீட்லவ்வாகப் பிறந்தவர். 1903-இல் ரிச்மண்டில் வங்கி தொடங்கிய மேகி லீனா வாக்கருக்கும் அந்தப் பெயர் கணவர் வழி வந்தது.

இந்த இடத்தில் ஒரு மோசடியையும் சொல்லிவிட வேண்டும். 'உங்கள் வாக்கர் குடும்பத்தின் சின்னம்' என்று கேடயம் வரைந்த தட்டு, கோப்பை, சான்றிதழ் விற்பார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி அத்தகைய சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் அளிக்கப்படுவது. ஒரு குடும்பப் பெயருக்கு என்று சின்னமே கிடையாது என்று இத்தகைய சின்னங்களை வழங்கும் லண்டனின் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் வெளிப்படையாகச் சொல்கிறது. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், வாங்குவது உங்கள் இஷ்டம்.

படி 8: ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைப் பின்னோக்கித் தேடுதல்

எப்போதும் இன்றிலிருந்து பின்னால் போங்கள். 14-ஆம் நூற்றாண்டு வாக்கர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தால், யாரோ ஒருவருடைய தாத்தாவைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855, அதற்கு ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளம் தனி. காலாண்டு வாரியான குறியீட்டை ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய குறியீட்டில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 1911 பிற்பகுதியிலிருந்துதான் இருக்கும். பதிவுத்துறையின் புதிய இணையக் குறியீட்டில் அதை 1837 வரை பின்னோக்கிச் சேர்த்திருக்கிறார்கள். ஜான் வாக்கர் என்று தேடினால் குவியலாக வந்து விழும் நிலையில், இந்த ஒரு விவரம்தான் சரியான ஜானைப் பிரித்தெடுக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. பெயர் விவரம் 1841 முதல் பயன்படும். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார், அதைப் பார்த்து வேறு ஆள் என்று விட்டுவிடாதீர்கள். நூறாண்டு கழித்தே ஏடுகளைத் திறப்பார்கள். 1921-ஆம் ஆண்டினது 2022 ஜனவரியில் திறந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டாம்: 1931-ஆம் ஆண்டின் இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள் 1942-இல் தீயில் எரிந்துபோயின, 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது, 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு.

1837-க்கு முன் தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்கும்படி எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் ஆணையிட்டார். எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது மிஞ்சவில்லை. அதற்கும் முன் என்றால் உயில், நிலப்பத்திரம், நீதிமன்றச் சுருள். லத்தீனோடு மல்லுக்கட்டத் தயாராக இருங்கள்.

முன்னோர் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர் என்றால் தேட வேண்டிய இடம் வேறு. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753-இல் மணம் முடித்தது அங்கேதான். மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. என்/1 வங்காளம், என்/3 பம்பாய். இவற்றில் பெரும்பகுதியை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தரவுத்தளம் இலவசம், அங்கே தொடங்குங்கள். தேடும்போது திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் ரெஜிமென்ட் அல்லது துறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ராணுவத்தார் என்றால் அவர் சேர்ந்தபோது எடுத்த ஆள்சேர்ப்புக் குறிப்பில் பிறந்த ஊர் கிடைக்கக்கூடும். அந்த ஊர் யார்க்‌ஷயரா டெவனா என்று தெரிந்த பிறகு, வரைபடத்துக்குத் திரும்பி வாருங்கள்.